மூன்றாவது வாரத்து ரசிகை

எண்பதுகளின் மதுரையில் ஒரு படத்தின் முதல் வாரம் இளவட்டங்களுக்கு. கட்அவுட்டுக்கு மாலை போடுவதும், திரைக்கு முன்னால் சூடம் கொளுத்துவதும், விசிலடித்து வசனத்தைக் காதில் விழவிடாமல் செய்வதும் அவர்கள் பாடு. இரண்டாவது வாரம் கடைகளிலும் பட்டறைகளிலும் வேலை பார்க்கிறவர்கள், சனிக்கிழமை கூலியை வாங்கிய கையோடு செகண்ட் ஷோவுக்குப் போவார்கள். மூன்றாவது வாரத்தில்தான் எங்கள் தெருப் பெண்கள் கிளம்புவார்கள். அதுவரை படம் இருக்குமா என்று யாரும் கேட்டதில்லை. இருக்கும். சுமாரான படம்கூட மூன்று வாரம் தாங்கும். நல்ல படமாக இருந்தால் எங்களுக்குப் பிறகு எங்கள் சித்திகள் மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

படம் பார்ப்பது எனக்குப் பைத்தியமாக இருந்ததில்லை. எந்த நடிகருக்கும் நான் ரசிகர் மன்றத்து ஆள் கிடையாது. வேலை ஓய்ந்து, கையில் காசு இருந்து, துணைக்கு ஆள் கிடைத்தால் போவேன். பள்ளிக்கூடத்து வேலைக்குப் போன பிறகும் அப்படித்தான். எங்களைப் போன்றவர்களைத்தான் தினத்தந்தி விளம்பரங்களில் தாய்க்குலம் என்று போடுவார்கள். முதல் வாரத்துக் கூட்டத்தால் ஒரு படம் நான்கு நாள் ஹவுஸ்ஃபுல் ஆகலாம், நூறு நாள் ஓட முடியாது. நூறு நாள் ஓட மூன்றாவது வாரத்தில் நாங்கள் வர வேண்டும். அதை நான் இன்றும் நம்புகிறேன்.

தெருவில் யாராவது ஒருவர் முதலில் பார்த்துவிட்டு வருவார். பெரும்பாலும் அது என் அத்தைதான். மறுநாள் காலை குழாயடியில் குடம் நிறையும் நேரத்தில் தீர்ப்பு வரும். அவள் கதையை முழுக்கச் சொல்லமாட்டாள். "பாதிப் படம் வரைக்கும் சும்மா இருக்குடி, அப்புறம் பாரு" என்பாள். அல்லது, "பாட்டுக்கு ஒரு தடவ போகலாம்." அல்லது ஒன்றுமே சொல்லாமல் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விடுவாள். அப்படிப் போய்விட்டால் அந்தப் படத்துக்கு எங்கள் தெருவிலிருந்து ஒரு டிக்கெட்கூட விழாது. அவளை யாரும் மைக் நீட்டிக் கேட்கவில்லை. ஆனால் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு அப்படி ஓர் அத்தை இருந்தாள். அவர்கள் சொன்னதெல்லாம் சேர்ந்துதான் மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' 1979-ல் வெள்ளிவிழா கண்டது. அந்தப் படத்தில் சண்டை உண்டா, கவர்ச்சி நடனம் உண்டா? மனைவியைச் சொல்லாலேயே கொல்லும் ஒருவனும், ஆற்றங்கரையில் நிற்கும் இரண்டு குழந்தைகளும்தான். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து எழுந்த படம் என்பது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அவர்களுக்கு அந்த வீடு தெரிந்தது. அந்த மாதிரி ஒரு வீட்டில் சிலர் வாழ்க்கைப்பட்டும் இருந்தார்கள்.

பெண்கள் கவுண்டரைச் சொல்லாமல் அந்தக் காலத்தைச் சொல்ல முடியாது. ஓர் ஆள் மட்டுமே நுழையக்கூடிய நீண்ட சந்து, இரண்டு பக்கமும் சுவர், தலைக்கு மேல் கம்பி வலை. உள்ளே போய்விட்டால் திரும்பி வெளியே வர வழியில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம்தான் வெளியேற வேண்டும். சுவரில் ஆள் உயரத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும், அத்தனை தலைகள் சாய்ந்து நின்ற அடையாளம். கடைசியில் கை மட்டும் போகிற அளவுக்கு ஒரு பொந்து. காசை மூடிய கையை உள்ளே விட்டால் யாரோ விரலைப் பிரித்து எடுத்துக்கொண்டு, மெல்லிய தாளில் அச்சடித்த டிக்கெட்டுகளை வைத்து மடக்கி அனுப்புவார்கள். கொடுத்தவர் முகம் தெரியாது. வளையல் மாட்டிக்கொண்டால் பின்னால் நிற்கிறவள் கத்துவாள். மூச்சு முட்டும். கைக்குழந்தைக்காரிகளை முன்னால் விடுவார்கள். அந்தச் சந்தில் நின்ற ஒரு மணி நேரத்தில் நான் கேட்ட குடும்பக் கதைகள் பல படங்களைவிட நன்றாக இருந்தன.

1983-ல் 'முந்தானை முடிச்சு' வந்தது. நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பெண். ஊர்வசி கதாநாயகியாக வந்த முதல் தமிழ்ப் படம் அது. பாவாடை தாவணியில் ஊர்ப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு அந்தப் பெண் அடித்த லூட்டியைப் பார்த்து எங்கள் வரிசையே குலுங்கியது. பாக்யராஜின் முருங்கைக்காயைப் பற்றி ஆண்கள் பேசிக்கொண்டார்கள். நாங்கள் பரிமளத்தைப் பற்றிப் பேசினோம். குழந்தையின் மேல் பொய்ச்சத்தியம் செய்து வாத்தியாரைக் கட்டிக்கொள்கிறாளே, அது சரியா தப்பா என்று அத்தைக்கும் என் அம்மாவுக்கும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சண்டை. அந்தச் சண்டை தீராததால் அத்தை இன்னொரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். படம் மாதக்கணக்கில் ஓடியது.

படங்கள் அப்படிக் காத்திருந்ததற்கு அன்பு காரணம் இல்லை, வியாபாரம்தான் காரணம். ஒரு பிரிண்ட் எடுப்பது செலவு. எண்ணிச் சில பிரிண்டுகள்தான் போடுவார்கள். பெரிய ஊரில் ஓடி முடித்த பெட்டிதான் சின்ன ஊருக்குப் போகும், அங்கிருந்து டூரிங் டாக்கீஸுக்குப் போகும். மதுரையில் பளிச்சென்று ஓடிய படம் உசிலம்பட்டிக்குப் போகும்போது திரையில் மழை பெய்யும். சில இடங்களில் ஒரே பெட்டியை இரண்டு தியேட்டருக்கு வைத்துக்கொண்டு, இங்கே ஓடி முடிந்த ரீலை சைக்கிளில் அங்கே கொண்டு போவார்கள். மெதுவாகச் சுற்றும் பெட்டிக்குப் பின்னால் பேச்சும் மெதுவாகச் சுற்றியது. அந்த மெதுவில்தான் 1980-ல் 'ஒரு தலை ராகம்' பிழைத்தது. தொடக்கத்தில் ஆளில்லாமல் கிடந்த படம், பேச்சு பரவப் பரவப் பிக்கப் ஆகி ஒரு வருடம் ஓடியது. 1989-ல் 'கரகாட்டக்காரன்' எங்கள் ஊரில் ஓராண்டைத் தாண்டியது. இன்னும் பின்னால், 1999 டிசம்பரில், வாங்க ஆளில்லாமல் கிடந்த 'சேது' சென்னைப் புறநகரில் ஒரு தியேட்டரில் நூன் ஷோ மட்டும் என்று தொடங்கி, பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே நூறு நாளைக் கடந்தது. விக்ரம் என்ற நடிகரை அந்த நூன் ஷோக்காரர்கள்தான் நமக்குக் கொடுத்தார்கள்.

அந்தக் காலத்துப் படங்கள் எல்லாமே பொன் என்று சொல்ல நான் வரவில்லை. பலாத்காரக் காட்சி ஒன்றாவது இல்லாத வில்லன் படம் அபூர்வம். அதைப் பார்க்கப் பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்திருந்தோம். திமிர் பிடித்த பெண்ணை ஓர் அறை அறைந்து அடக்கினால் தியேட்டரே கைதட்டும், எங்கள் பக்கமும் சேர்ந்து கைதட்டும். பரிமளமேகூடக் கடைசியில் கணவனின் நம்பிக்கையைப் பெற, தனக்கென்று பிள்ளை வேண்டாம் என்று ஆபரேஷனுக்குக் கிளம்புகிறாள். அன்று அழுத காட்சி அது. இன்று டி.வி.யில் வந்தால் எழுந்து போய்விடுகிறேன். எல்லாப் படமும் காத்திருக்கவும் இல்லை. 1991 தீபாவளிக்கு 'தளபதி'யும் 'குணா'வும் ஒரே நாளில் வந்தன. கூட்டம் 'தளபதி'க்குப் போனது. 'குணா'வுக்குரிய மரியாதை பல வருடம் கழித்துத்தான் கிடைத்தது.

பெண்களைக் காட்டும் விதத்தில் இன்றைய படங்கள் எவ்வளவோ முன்னே வந்துவிட்டன. 2024-ல் வந்த 'லப்பர் பந்து' படத்தில் புருஷன் வேலையைப் போட்டுவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போகிறான் என்று யசோதை டிராக்டரை ஓட்டிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்குகிறாளே, அந்த இடத்தில் நான் என்னையறியாமல் கைதட்டினேன். ஸ்வாசிகா அந்தப் பெண்ணை அப்படிச் செய்திருந்தார். அவள் கோபத்துக்கு நியாயம் இருக்கிறது, கெத்து தினேஷின் ஆட்டத்துக்கும் நியாயம் இருக்கிறது, யாரையும் யாருக்கும் முன்னால் மண்டியிட வைக்காமல் தமிழரசன் பச்சமுத்து அந்தக் கதையை முடித்தார். சாதியை வைத்து அணியில் சேர்க்காமல் தள்ளுவதை இவ்வளவு கலகலப்பான படத்துக்குள் இவ்வளவு தெளிவாகச் சொன்னது பெரிய காரியம். விஜயகாந்த் பாட்டு ஒலித்தபோது தியேட்டரில் எழுந்த சத்தம் வேறு. அவர் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்குப் பக்கத்திலிருந்த ஆட்டோக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் 'லப்பர் பந்து' தப்பித்த படம். தப்பிக்காதவற்றைப் பற்றித்தான் எனக்கு ஆற்றாமை.

2024 மார்ச் 8, மகளிர் தினத்தன்று 'ஜே பேபி' வந்தது. மனம் பிசகிய ஒரு வயதான தாய், வீட்டைவிட்டுப் போய்க் கொல்கத்தாவில் தொலைந்து கிடக்கிறாள். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு மகன்கள் அவளைக் கூட்டிவர ஒன்றாக ரயிலேறுகிறார்கள். அந்தத் தாய் ஊர்வசி. நாற்பது வருடத்துக்கு முன்னால் பாவாடை தாவணியில் பார்த்த அதே பெண், நரைத்த தலையோடு. அந்தப் படத்தைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்று மனதில் குறித்துவைத்தேன். மார்ச் மாதம் எங்களுக்குப் பொதுத்தேர்வு டூட்டி. காலையில் ஹால், மாலையில் கணக்கு ஒப்படைப்பு. பிளஸ் டூ தேர்வு முடிந்து மூச்சுவிட்டு, வழக்கம்போல் மூன்றாவது வாரத்தில் மகளிடம் டிக்கெட் போடச் சொன்னேன். அவள் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "அம்மா, மதுரையில எங்கயுமே இல்லம்மா."

பிறகு அதை வீட்டில் பார்த்தேன். நடுவில் குக்கர் விசில், கூரியர்காரர், மின்வெட்டு. ஊர்வசி சிரித்துக்கொண்டே அழுகிற ஒரு முகம் வைத்திருக்கிறார். அது எந்தப் பக்கம் சாயும் என்று நமக்குத் தெரியாது. மகன்களை அவர் ஏசுகிற ஏச்சில் பாசம் எங்கே முடிந்து நோய் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. என் அத்தைக்குக் கடைசிக் காலத்தில் இப்படித்தான் இருந்தது. அவளும் ஒருநாள் காணாமல் போய், தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தவளைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தோம். அப்படி ஒருத்தியை வீட்டில் வைத்துப் பார்த்த பெண்கள் இந்த ஊரில் எத்தனை ஆயிரம் பேர் இருப்பார்கள்! அவர்கள் எல்லாரும் ஓர் இருட்டறையில் ஒன்றாக உட்கார்ந்து பார்த்து, வெளியே வந்து ஒருவரோடொருவர் பேசியிருக்க வேண்டிய படம் அது. தேர்வும் திருவிழாவும் முடிந்து அவர்கள் கிளம்புவதற்குள் திரைகளை வேறு படத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இன்று படம் பெட்டியில் வருவதில்லை. ஹார்ட் டிஸ்க்கிலோ செயற்கைக்கோள் வழியாகவோ வருகிறது, பூட்டைத் திறக்க ஒரு கடவுச்சாவி வருகிறது. அதனால் ஒரே நாளில் மாநிலம் முழுக்க, தொட்டியபட்டி வரைக்கும் ஒரே தெளிவில் படம் ஓடும். திரையில் மழை பெய்வதில்லை, ரீல் அறுந்து விளக்குப் போடுவதில்லை. இது நல்லதுதான். ஆனால் தமிழ்நாட்டில் இருக்கும் சுமார் ஆயிரம் திரைகளில் பெரும்பகுதியைப் பெரிய நடிகரின் படம் முதல் நாளே எடுத்துக்கொள்கிறது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளில் வசூலை அள்ளியாக வேண்டும். திங்கட்கிழமை காலைக் காட்சிக்கு எத்தனை சீட் நிரம்பியது என்று பார்த்து, செவ்வாய்க்கிழமைக்குள் காட்சியைக் குறைப்பார்கள். வியாழனோடு சின்னப் படத்தின் ஆயுள் முடிந்தது. நான்கு வாரத்தில் ஓ.டி.டி. 2018-ல் '96' படம் அக்டோபர் தொடக்கத்தில் வந்து, தியேட்டரில் கூட்டம் இருக்கும்போதே நவம்பர் தீபாவளிக்கு டி.வி.யில் போட்டார்கள். தள்ளிப்போடுங்கள் என்று கதாநாயகி திரிஷாவே வெளிப்படையாகக் கேட்டும் நடக்கவில்லை.

அதே இயக்குநர் பிரேம் குமாரின் அடுத்த படம் 'மெய்யழகன்', 2024 செப்டம்பர் 27-ல் வந்தது. மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பூர்வீக வீட்டை இழந்து தஞ்சாவூரைவிட்டுப் போன ஒருவர் இருபத்திரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக வருகிறார். ஓர் இரவு, ஓயாமல் பேசும் ஓர் உறவுக்காரன், அவன் பெயர் இவருக்கு ஞாபகம் வரவில்லை. அவ்வளவுதான் படம். வந்த முதல் இரண்டு நாளிலேயே "லேக்", "நீளம்", "பேசிக்கிட்டே இருக்காங்க" என்று போன்கள் அலறின. ஒரு வாரத்துக்குள் பதினெட்டு நிமிடத்தை வெட்டினார்கள். அதற்கு முன் அதே வருடம் ஜூலையில் 'இந்தியன் 2'-ஐ வந்த சில நாட்களில் பன்னிரண்டு நிமிடம் வெட்டியிருந்தார்கள். அதை வெட்டியதில் எனக்கு வருத்தமில்லை. அந்தப் படத்தின் குறை நீளத்தில் இல்லை, எல்லாரையும் நிற்க வைத்துப் பாடம் எடுத்ததில் இருந்தது. 'மெய்யழகன்' அப்படியல்ல. அந்தப் பேச்சுதான் படம். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்யாணத்துக்கு முந்தின இரவு எப்போது சீக்கிரம் முடிந்திருக்கிறது?

அந்த மேடைக் காட்சியைச் சொல்லியே ஆக வேண்டும். தங்கைக்குச் சீராகக் கொண்டுவந்த நகைகளை அரவிந்த்சாமி கொடுக்கிறார்; அவள் நீயே போட்டுவிடு என்கிறாள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே அண்ணன் ஒவ்வொன்றாகப் போட்டுவிடுகிறான். வசனம் என்று பெரிதாக எதுவும் இல்லை. தூரத்து ஊரில் வாழப் போய், விசேஷங்களுக்கு வராமலே காலத்தை ஓட்டிவிட்ட அண்ணன்மார் எங்கள் வீட்டிலும் உண்டு. நான் இதைத் தியேட்டரில் பார்த்தபோது பாதி சீட் காலி. ஒரு மாதத்தில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அதன்பின் என் பள்ளி ஆசிரியர் அறையில் ஒருவர் மிச்சமில்லாமல் பார்த்துவிட்டு வந்து பேசினார்கள். தியேட்டர்ல மிஸ் பண்ணிட்டோமே டீச்சர் என்றார்கள். நீளம் என்று சொன்னவர்களே, வீட்டில் இரண்டாம் தடவையும் பார்த்தார்கள். ஒரு மாதம் பொறுத்திருந்தால் இந்தக் கூட்டம் மூன்றாவது வாரத்தில் தியேட்டருக்கு வந்திருக்கும், பதினெட்டு நிமிடமும் படத்திலேயே இருந்திருக்கும்.

'கொட்டுக்காளி'யை மட்டும் ஓடிப் போய் முதல் வாரத்திலேயே பார்த்தேன். எங்கள் மதுரைப் பக்கத்து மண், எங்கள் பேச்சு. 2024 ஆகஸ்ட் 23-ல் மாரி செல்வராஜின் 'வாழை'யும் அதுவும் ஒரே நாளில் வந்தன. இரண்டையும் ஒரே வாரத்தில் பார்க்கச் சொன்னால் எங்கள் குடும்பங்களால் ஆகிற காரியமா? பார்த்தேன். 'வாழை'யில் அந்தச் சிறுவன் பசியில் ஒரு பழத்தைப் பறித்துத் தின்றதற்கு வாங்கும் அடியும், கடைசியில் அவன் தட்டிலிருக்கும் சோறும் பல நாள் என் சாப்பாட்டு நேரத்தில் வந்து நின்றன. படத்தின் முடிவில் வரும் சாவுகள் இயக்குநர் தன் பிள்ளைப் பருவத்தில் பார்த்தவை. டீச்சராக எனக்கு இன்னொன்றும் உறைத்தது: திங்கட்கிழமை வகுப்பில் தூங்கி விழுகிற பையன் சனி ஞாயிறு எதைச் சுமந்தான் என்று நாம் கேட்பதில்லை.

'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையே இல்லை. ஆட்டோ இரைச்சல், சேவல், காற்று. பேய் பிடித்திருக்கிறது என்று ஒரு பெண்ணைச் சாமியாடியிடம் கூட்டிப் போகிறார்கள். பிடித்திருப்பது காதல் என்று எல்லாருக்கும் தெரியும். அன்னா பென் ஏறக்குறையப் படம் முழுக்க வாய் திறப்பதில்லை. தொண்டையில் சுண்ணாம்பு பூசிய சூரி, அந்த வலியோடு கத்துகிறார். எனக்குப் பின் வரிசையில் ஒருவர் பாட்டு எப்ப வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நடுவழியில் ஒரு காளை மாடு ரோட்டை மறித்து நிற்கிறது. இத்தனை மீசைக்காரர்களும் அதை விரட்டப் பார்த்து முடியாமல் நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து கூட்டிக்கொண்டு போகிறாள். அங்கே அந்தப் பின்வரிசைக்காரரும் சத்தமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பின் அவர் பாட்டைக் கேட்கவில்லை. படம் ஒரு முடிவைச் சொல்லாமல், சூரி எடுக்க வேண்டிய முடிவை நம் கையில் கொடுத்துவிட்டு நின்றது. யாரும் உடனே எழுந்திருக்கவில்லை.

வாசலில் ஒரு தம்பி மைக்கோடு நின்றான். "அம்மா, படம் எப்படி இருக்கு?"

"இப்பத்தானப்பா வெளிய வர்றேன். யோசிச்சிட்டு இருக்கேன்."

"சூப்பரா, சுமாரா? ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா."

"ரெண்டு நாள் கழிச்சுக் கேளு, சொல்றேன்."

அவன் அடுத்த ஆளிடம் போய்விட்டான். அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவன் பிழைப்பு இடைவேளைக்குள் வீடியோ போட்டாக வேண்டிய பிழைப்பு. ஆனால் அந்தப் படத்தைப் பற்றி நான் சொல்ல நினைத்தது, நிஜமாகவே, இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குத் தெளிந்தது. அதற்குள் அவனுடைய மைக்கில் விழுந்த சூப்பரும் மொக்கையும் ஊர் முழுக்கப் போய்விட்டன. எங்கள் அத்தையிடம் யாரும் கேட்காத காலத்தில் அவள் வார்த்தைக்குப் படம் ஓடியது. எல்லாரிடமும் கேட்கிற காலத்தில் எங்கள் வார்த்தை வந்து சேரும்போது படம் இல்லை.

தயாரிப்பாளர்கள் கோபப்படுவதும் எனக்குப் புரிகிறது. 2024 நவம்பரில் 'கங்குவா' வந்த பிறகு, தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் பேட்டிகளை விடாதீர்கள் என்று கேட்டார்கள். படம் வந்த முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். விமர்சனம் கருத்துச் சுதந்திரம், தடை போட முடியாது என்றது நீதிமன்றம். அது சரியான பதில். 'கங்குவா'வைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் காது வலிக்கிறது என்றது பொய்யில்லை, எனக்கும் வலித்தது. ஒலியமைப்பாளர் ரசூல் பூக்குட்டியே இந்த இரைச்சலைப் பற்றி வருந்தி எழுதினார், தயாரிப்பாளர் ஒலியை இரண்டு புள்ளி குறைக்கச் சொன்னார். வாயை மூடச் சொல்வதற்குப் பதில் படத்துக்கு நாளைக் கொடுத்தால், அவசரத்தில் சொன்ன வார்த்தையை நிதானமாகச் சொன்ன வார்த்தை தானே வந்து திருத்திவிடும்.

திருத்தியதைக் கண்ணால் பார்த்தோம். 2025 மே 1-ல் சூர்யாவின் 'ரெட்ரோ' வந்த அதே நாளில் 'டூரிஸ்ட் ஃபேமிலி' வந்தது. புது இயக்குநர் அபிஷன் ஜீவிந்த். சசிகுமாரும் சிம்ரனும் இலங்கையின் விலைவாசிக்குத் தப்பிப் படகேறி வந்த தமிழ்க் குடும்பம். பள்ளி விடுமுறை. பார்த்தவர்கள் சொன்னார்கள், சொல்லச் சொல்லக் காட்சி கூடியது. நான் என் மதினியோடு, என் வழக்கப்படி, மூன்றாவது வாரம் போனேன். ஹால் நிறைந்திருந்தது. தாத்தா பாட்டி, மடியில் பிள்ளை, கர்ச்சீப். படத்தில் வரும் தெருவில் கெட்டவர்கள் எல்லாரும் இரண்டு வார்த்தைப் பேச்சில் நல்லவர்களாகிவிடுகிறார்கள். அது அவ்வளவு சுலபமில்லை. மண்டபம் முகாமுக்கு வந்து இறங்கியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனாலும் அந்தக் குடும்பத்தின் பேச்சைக் கேட்டு ஊர் அழுதது எனக்குப் பிடித்தது. மதினி சினிமா பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. படம் முடிந்து படியிறங்கும்போது, "அடுத்து என்ன படம் வருது?" என்று கேட்டாள்.

அவளை எதற்குக் கூட்டிப் போவது என்பதுதான் அடுத்த சிக்கல். 2025 ஆகஸ்டில் ரஜினி படம் 'கூலி'க்கு ஏ சான்றிதழ். பேரப்பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். ரஜினி படத்துக்குப் பிள்ளைகளை விட முடியாத நாள் ஒன்று வரும் என்று நான் நினைத்ததில்லை. 'ஜெயிலர்' படத்தில் தலை தனியே பறந்தபோதே அதற்கு வழி போட்டாகிவிட்டது. மால் தியேட்டரில் வரியோடு ஒரு டிக்கெட்டே கையைக் கடிக்கும், போனில் போட்டால் அதற்கு மேல் கட்டணம். வெளிச் சாப்பாட்டைத் தடுக்கத் தியேட்டர்காரர்களுக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதால் முறுக்கு டப்பாவும் உள்ளே வராது. குடிநீர் இலவசமாகத் தர வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கிக் குடியுங்கள். நான்கு பேர் போய்வர ஆகிற செலவுக்கு ஒரு குடும்பம் பலமுறை யோசிக்கும். யோசிக்க நேரம் வேண்டும்.

எங்கள் ஊர் தங்கம் தியேட்டரில் 2,500 பேருக்கு மேல் உட்கார முடிந்தது. 1952-ல் 'பராசக்தி'யோடு திறந்த அரங்கு, ஆசியாவிலேயே பெரிது என்று பெருமை பேசுவோம். இன்று அந்த இடத்தில் ஜவுளிக்கடை. அவ்வளவு பெரிய அரங்கை இனி யாரும் கட்டப் போவதில்லை, வேண்டாம். நூற்றைம்பது சீட் திரை போதும். ஒரு மால் தியேட்டரால் என்ன முடியும் என்பதற்குச் சென்னை அண்ணா நகரில் சாட்சி இருக்கிறது: 2010-ல் வந்த 'விண்ணைத்தாண்டி வருவாயா'வை மறுபடி திரையிட்டு, நாளுக்கு ஒரு காட்சியாக ஆயிரம் நாளைக் கடந்து ஓட்டினார்கள். எங்கள் ஊர்க்காரர்களும் ஒரு திரையில் ஒரு நூன் ஷோவை ஆறு வாரத்துக்குச் சின்னப் படம் ஒன்றுக்கு ஒதுக்கட்டும். 'ஜே பேபி'யை மறுபடி கொண்டுவந்து தொடங்கலாம். ஆசிரியர் அறையில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம், மதினி இருக்கிறாள், அவள் தெருவில் சுய உதவிக் குழு இருக்கிறது. முதல் வாரம் கூட்டம் வராது. மூன்றாவது வாரம் நாங்கள் வருவோம்.